கரைக்குச் சொன்ன மார்க்

என் மகளின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை நான்தான் நிரப்பினேன். எங்கள் ஊர் மண்டபத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கேட்டுவிடாதீர்கள். பொய். அந்த விண்ணப்பத்தில் என் வாயிலிருந்து போனது இரண்டே இரண்டு எண்கள். ஒன்று பொய். இன்னொன்று பொய்யைவிட மோசம். மற்றதெல்லாம் நெட் சென்டர் தம்பி அவளுடைய மார்க் ஷீட்டைப் பார்த்து அடித்தது. அதனால் சரியாக இருந்தது.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சொல்வார்களே, அந்தப் பெருமையும் எனக்கு இல்லை. ஒருமுறை ஒதுங்கினேன். வாத்தியார் விரட்டிவிட்டார். எழுத்து படித்ததெல்லாம் என் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, அவள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து. அவள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தமிழ் எழுத்துக்கூட்டி வரும், இங்கிலீஷ் வராது. எண் மட்டும் நன்றாக வரும், அது நண்டு ஏலத்தில் நின்று கற்றது. இதையும் அவளுடைய பழைய நோட்டில்தான் எழுதுகிறேன். பிழை திருத்துகிறேன் என்று வாங்கிக்கொண்டு போகிறாள். திருத்துகிற சாக்கில் என்னைப் பற்றி என்னென்ன சேர்க்கிறாளோ, தெரியாது.

எங்கள் கரையில் ஒரு பழக்கம். கடலிலிருந்து வருகிறவனிடம் “என்ன பாடு?” என்று கேட்பார்கள். பாடு என்றால் அன்றைக்கு வலையில் பட்டது. படகு முங்குகிற அளவுக்கு நண்டு கிடந்தாலும் “கூழுக்குக் கூட ஆகாது” என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை பாகம் ஆழத்தில் வலை போட்டாய் என்று கேட்டால், பதினொன்றில் போட்டவன் ஏழு என்பான். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும். அவன் மனசுக்குள் நாலு கூட்டிக்கொள்வான். நாலு கூட்டுவான் என்று இவனுக்கும் தெரிந்திருப்பதால், சில நாள் உண்மையையே சொல்லிவிட்டு வந்துவிடுவான். இப்படித்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்கிறோம்.

என் மகள் முதல் வருஷம் நீட் எழுதிக் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். அந்த ஒரு வருஷமும் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவதாக எனக்குத் தோன்றியது. “மூணாவது தடவ எழுத மாட்டேன்யா. இந்த வாட்டி இல்லைன்னா வேற எதுலயாவது சேத்து விட்ருங்க” என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள். மார்க் வந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள், அதில் இந்த மார்க்குக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அவளுடைய டீச்சர் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி சோறு தின்னும்போதே என் மனைவி சொல்லிவிட்டாள். “வெளியில மூச்சு விடக்கூடாது. எவ கண்ணு எப்படியோ.” அவள் சொல்லாவிட்டாலும் நான் விடப்போவதில்லை. எனக்கு அது தொழில்.

ஆனால் நாங்கள் யாரிடமும் சொல்லாத மறுநாளே என் போன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு பெண் குரல். என் மகளுடைய பேரைச் சொல்லி, “சார், மெடிக்கல் சீட் கன்பார்ம் பண்ணித் தரோம், சர்டிபிகேட் எல்லாம் எங்களுக்கு அனுப்புங்க” என்றது. அவள் மார்க் எங்களுக்கு வந்த ஈரம் காயவில்லை, அதற்குள் இவளுக்கு எப்படித் தெரியும்? நான் குரலை மாற்றிக்கொண்டு, “ராங் நம்பர், இது கசாப்புக் கடை” என்றேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு ஆண் குரல். அதற்கும் கசாப்புக் கடை. அன்று சாயங்காலம் உண்மையாகவே கறி வேண்டுமென்று ஒருவர் போன் செய்தார். அவரையும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். ஜெராக்ஸ் எடுக்கிறவன் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்கிறானா என்று மெஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஓ.டி.பி. நம்பரை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று பேங்க்கில் ஒருமுறை கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அந்த ஒரு பாடத்தில் மட்டும் நான் நூற்றுக்கு நூறு.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது, ஒன்று தவிர. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்று ஒவ்வொரு பள்ளியிலும் எழுதி வாங்க வேண்டும். ஆறும் ஏழும் அவள் கமுதிப் பக்கம் என் மாமனார் ஊரில் படித்தாள். அங்கே தலைமையாசிரியர் லீவில் இருந்தார். கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் வருவார் என்றார்கள். அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். ஏறும்போது மகள் ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தாள்.

“நெட் சென்டர்ல இதக் குடுங்க. பேரு, ஊரு எல்லாம் பதிஞ்சு வைக்கட்டும். நாளைக்கு சர்டிபிகேட்டோட வந்து மிச்சத்த ஏத்திக்கிருவோம். எல்லாம் இதுல இருக்கு. நீங்க வாயால ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“நான் என்னத்தடி சொல்லப் போறேன்?”

“அதான் பயமா இருக்கு” என்றாள்.

நெட் சென்டரில் அன்று நல்ல கூட்டம். என் போதாத காலம், எனக்கு முன்னாலேயே ஒரு நண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கரையிலேயே நண்டு பிடிப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் வலையும் என் வலையும் ஒருமுறை சிக்கிக்கொண்டு, யார் அறுத்தது என்பதில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவர் மகனும் அந்த வருஷம் நீட் எழுதியிருந்தான். அவர் படகுத் தாள் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகப் பேர். காது முழுக்க என் பக்கம் இருந்தது.

தம்பி கவரைப் பிரித்தான். நான் அதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஹால் டிக்கெட்டையும் மட்டும் கொடுத்தேன். நீட் மார்க் இருந்த தாளை எடுத்து மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

“அண்ணே, போன் நம்பர் சொல்லுங்க.”

என் நம்பர் ஏற்கெனவே ஊர் சுற்றுகிறது, இவன் வழியாகத்தான் போயிருக்குமோ என்று ஒரு எண்ணம் ஓடியது. படகுக்கென்று ஒரு பட்டன் போன் வைத்திருக்கிறோம். அன்று சார்ஜ் போட வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். அந்த நம்பரைச் சொன்னேன். அதற்கு ஓ.டி.பி. வந்தது.

“என்ன வந்திருக்கு, சொல்லுங்கண்ணே.”

“சொல்ல மாட்டேன். நீ எந்திரி. நானே அடிக்கிறேன்.”

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். எழுந்தான். நான் ஒரு கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். எல்லாம் பெரிய எழுத்தில் திரையில் தெரிந்துகொண்டிருந்தது. கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் திரும்பவும் உட்கார்ந்தான். “நீட் மார்க் எவ்வளவுண்ணே?” ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டான்.

கடை அமைதியாகிவிட்டது. நண்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை, ஆனால் ஜெராக்ஸ் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று “என்ன பாடு?” என்று கேட்கிற அதே அமைதி. என் வாய் என்னைக் கேட்காமலே வேலையைப் பார்த்தது.

“முன்னூத்திப் பன்னெண்டு.”

நண்டுக்காரர் மெல்லத் திரும்பினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார். “பரவாயில்லப்பா. நர்சிங்ல போடு. அதுவும் ஊசி போடுற வேலதான்.” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் சந்தோஷம்தான். கண் திருஷ்டி கழிந்தது என்று நினைத்தேன். தம்பி அந்த எண்ணை அடித்து, “பக்கத்த லாக் பண்ணிர்றேன்ணே. நாளைக்கு ஓ.டி.பி. போட்டாத்தான் தொறக்கும், வேற எவனும் கை வைக்க முடியாது” என்றான். பூட்டு என்றதும் எனக்கு இன்னும் சந்தோஷம். பூட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் படகு போனைத் திரும்ப மச்சானிடம் கொடுத்துவிட்டேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி, படகில் என் கூட்டாளி. விடியலில் அவன் கடலுக்குப் போனான். நான் தாள் வேலை இருக்கிறதென்று நின்றுவிட்டேன்.

கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு சரி. மதியம் இரண்டு மணிக்கு அம்மாவும் மகளும் கமுதி சர்டிபிகேட்டோடு நேராக நெட் சென்டருக்கு வந்து இறங்கினார்கள். நானும் போனேன். தம்பி முந்தின நாள் பதிந்ததை மகளுக்குக் காட்டினான். அவள் மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“அண்ணே, இது யாரு சொன்ன மார்க்கு?”

“அண்ணன்தாங்க சொன்னாக” என்று தம்பி என்னைக் காட்டினான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. “கரைக்குச் சொல்றத இங்கனயும் சொல்லிட்டீகளா?” என்று மட்டும் கேட்டாள். என் மனைவி அதற்குள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கமுதியிலிருந்து வந்த களைப்பு என்றுதான் வெளியே சொன்னோம்.

இருநூறு மார்க் குறைத்துப் போட்டால் விண்ணப்பத்தில் அவள் பேர் எங்கே நிற்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏலத்தில் விலை குறைத்துக் கேட்டவன் வெறுங்கூடையோடு போவதைத் தினமும் பார்க்கிறேன்.

“தொறந்து மாத்திரலாம்ணே, ஓ.டி.பி. வரட்டும்” என்றான் தம்பி. “அந்த போனு எங்க?”

“கடல்ல.”

“நம்பர மாத்திரலாமா?”

“மாத்து.”

“மாத்துறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும்ணே.”

மச்சானுக்கு போன் போட்டேன். கொஞ்சத் தூரம் உள்ளே போனால் எங்கள் கடலில் நம்ம டவர் போய், அக்கரை இலங்கை டவர் வந்துவிடும். யாரோ ஒரு அம்மா எனக்குப் புரியாத மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லி வைத்துவிட்டார். இரண்டாம் முறையும் அதே அம்மா. அவரிடம் மார்க்கைச் சரியாகச் சொல்லியிருப்பேன், அவர் கேட்கவில்லை.

கரைக்கு ஓடினேன். மச்சான் எங்கே வலை போட்டிருக்கிறான் என்று கேட்டேன். ஒருவன் ஆறு பாகம் என்றான். ஒருவன் ஒன்பது என்றான். மச்சான் என்னிடம் காலையில் சொன்னது ஏழு. கூட்டாளியிடமே பொய் சொல்வானா என்று நினைத்தேன். நான் மகளுக்கே பொய் எழுதி வைத்தவன், அந்த நினைப்பை அங்கேயே விட்டேன். எதில் எத்தனை கூட்டுவது? கடல் அப்படியே கிடந்தது. அதில் என் மகளுடைய ஓ.டி.பி. எந்தப் பக்கம் மிதக்கிறது என்று தெரியவில்லை.

நண்டுக்காரர் தன் படகோரம் வலைக் கயிறைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கேட்கவில்லை. அவரே கேட்டார். “என்னத்துக்கு இந்த ஓட்டம்?”

வேறு வழியில்லாமல் அந்தக் கரையில் என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். “என் மகளுக்கு ஐந்நூத்திப் பன்னெண்டு. நேத்து தப்பாச் சொல்லிட்டேன். ஓ.டி.பி. மச்சான் கையில இருக்கு. அஞ்சு மணிக்கு மூடிருவாய்ங்க.”

அங்கே நின்ற நாலு பேர் சிரித்தார்கள். ஒருவன், “அஞ்சு நூறா? அப்ப முன்னூறு இருக்கும்” என்றான். கரை வழக்கப்படி கழித்துவிட்டான். இன்னொருவன், “ஏலே, நேத்து முன்னூறுன்ன, இன்னைக்கு ஐந்நூறுங்கிற. நாளைக்கு என்ன, கலெக்டரா?” என்றான்.

நண்டுக்காரர் சிரிக்கவில்லை. “நேத்து சொன்னது?”

“பொய்.”

“இன்னைக்குச் சொல்றது?”

“நெசம்.”

“எத வச்சு நம்புறது?”

இடுப்பில் கை விட்டேன். மடித்து வைத்த அந்தத் தாள் வியர்வையில் ஈரமாகி அங்கேயே இருந்தது. விரித்துக் காட்டினேன். அவருக்கும் என்னைப் போல எண் மட்டும்தான் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். தன் மகன் மார்க்கை நினைத்தாரோ என்னவோ.

“உன் மச்சான் பதினொரு பாகத்துல என் வலைக்குத் தெக்க கெடக்கான்” என்றார். “காலையில பாத்தேன். என் வலைக் கொடியப் பாத்துட்டு வந்து, என் எடத்துலயே போட்டிருக்கான். இன்னைக்கு அவன் கரைக்கு வந்ததும் சட்டையப் பிடிக்கலாம்னுதான் இங்கன உக்காந்திருந்தேன். ஏறு.”

அந்த இடம் அவர் அப்பா காலத்திலிருந்து யாருக்கும் காட்டாத இடம். அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். எனக்குப் பயம் வந்தது. மனிதர் நடுக்கடலில் இரண்டு வருஷக் கணக்கைத் தீர்ப்பாரோ? ஆனால் மணி இரண்டே முக்கால். ஏறினேன்.

ஏறியதும் ஒரு ஈரத் துண்டைத் தூக்கி என் மேல் போட்டார். “தலையில போட்டுக் கண்ண மூடு. கரையப் பாக்கக்கூடாது.” கரையில் உள்ள இரண்டு உயரமான அடையாளங்களை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துத்தான் கடலில் இடத்தைக் கணிப்பது. பார்த்துவிட்டால் இடம் என்னுடையது. அவர் மோட்டாரை இழுத்தார். நான் துண்டுக்குள் உட்கார்ந்து, மகள் டாக்டராக வேண்டுமென்று கடவுளை வேண்டிக்கொண்டே போனேன். துண்டில் ஒரு கிழிசல் இருந்தது. கடவுள் மேல் சத்தியமாக அது அவர் துண்டில் ஏற்கெனவே இருந்த கிழிசல்.

மச்சான் எங்களைக் கண்டதும், அதுவும் இரண்டு பேரையும் ஒரே படகில் கண்டதும், கடலில் குதித்துவிடுவான் போல நின்றான். நண்டுக்காரர் அவனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு அதிக பயம். போனை வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் திரும்பினோம். போனில் எனக்கு முன் அக்கரையிலிருந்து வரவேற்பு மெசேஜ் வந்து கிடந்தது. கரை நெருங்க நெருங்க போனை அணைத்து அணைத்துப் போட்டேன். நாலு இருபதுக்கு நம்ம டவர் வந்தது.

நெட் சென்டருக்கு போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். “ஓ.டி.பி. அனுப்பிட்டோம்யா, வந்திருச்சா?”

வந்திருந்தது. ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அதிலேயே எழுதியிருக்குமாம். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில், மோட்டார் சத்தத்துக்கு மேலே, ஒவ்வொரு எண்ணாகத் தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் போன மூன்று படகுகளுக்கும் தெரியும். பேங்க் மேனேஜர் அந்த நேரம் கடற்கரையில் இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். “திருப்பிச் சொல்லு” என்றேன். திருப்பிச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

நான் நனைந்த கோழியாக நெட் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு ஐம்பது. மார்க்கை மாற்றி, கமுதித் தாளை ஏற்றி, அனுப்பிவிட்டிருந்தார்கள். அனுப்பியதற்கு அத்தாட்சியாக ஒரு தாள் வந்தது. அதில் எண்ணை நானே பார்த்தேன். ஐந்து, ஒன்று, இரண்டு. ஆனாலும் தாளில் இருப்பதுதான் சென்னையிலும் இருக்கிறதென்று யார் கண்டது? பூட்டிய பக்கத்தைத் திறந்தார்களே, திரும்ப ஒழுங்காகப் பூட்டினார்களா? மார்க்படி பேர் போடுகிற பட்டியல் இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து நான் தினமும் அந்தக் கடைக்குப் போய், ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டு வருகிறேன். தம்பி என்னைக் கண்டாலே, “மாறலண்ணே, அப்படியேதான் இருக்கு” என்கிறான். கேட்காமலே சொல்கிறானே என்று அதிலும் ஒரு சந்தேகம்.

நண்டுக்காரர் மறுநாள் கரையில் என்னைத் தனியாக ஒதுக்கினார். “என் எடத்துல நீ வலை போடக்கூடாது” என்றார். “நான் எங்க பாத்தேன், துண்டுக்குள்ளதான இருந்தேன்?” என்றேன். “துண்டு என்னோடது. எங்கன கிழிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாதா?” என்றார். போடமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். உண்மையாகத்தான் கொடுத்தேன். ஆனால் மச்சான் இருக்கிறானே, அவன் நேற்று கடலுக்குப் போகும்போது சும்மா கேட்கிற மாதிரி, “மாமா, அன்னைக்கு வரும்போது கரையில எந்தக் கோபுரத்துக்கு நேரா எந்த மரம் இருந்துச்சு?” என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் என்றால்

“அய்யா, எழுதுனது போதும். பட்டியல் விட்டுட்டாகளாம். நெட் சென்டர்ல இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு.”

வாசலில் நிற்கிறாள். செருப்புப் போட்டுவிட்டாள். அவள் அம்மா அவளுக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்விட்டாள்.

“மார்க் எப்படிப் போட்டிருக்காம்? அத மட்டும் கேட்டியா?”

“கேக்கல. நாமளே போய்ப் பாப்போம். வாங்க.”

“ஒரு வரி எழுதிட்டு வாரேன்.”

“நீங்க எழுதுன வரைக்கும் போதும்யா” என்கிறாள். போகிறேன்.